பதினெட்டு அடிச் சந்து

இந்த முறை கோமாரித் தடுப்பூசி போட்டு முடிந்ததும் மாடுகள் அதே நடையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குடித்தன. சாயங்காலப் பாலும் குறையவில்லை. எங்கள் பட்டியில் ஊசி நாள் இப்படி அமைதியாகக் கழிந்தது இதுதான் முதல் தடவை. காரணம், மாடுகள் தண்ணீருக்குப் போகும் தடத்தில் நாங்கள் கட்டிய பதினெட்டு அடி நீளக் குறுகிய சந்து. என்ன செய்தோம், எவ்வளவு செலவானது, எதைப் பிரித்து மறுபடி கட்டினோம் என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

எங்களுடையது திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்தில் எட்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். குறுக்கே வேலி போட்டு மூன்றாகப் பிரித்திருக்கிறோம். ஒன்றில் மேய விட்டால் மற்ற இரண்டும் தழைக்கும். மொத்தம் பதினொரு உருப்படி: ஆறு பசு, மூன்று கிடாரி, ஒரு காளைக் கன்று, வண்டிக்குப் பழகிய ஓர் எருது. எல்லாம் காங்கேயம் இனம். மேய்ப்பதற்கென்று ஆள் கிடையாது. வேலிக் கடவைத் திறந்துவிட்டால் தாமாக மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கட்டுத்தரையிலேயே வளரும் மாட்டின் காதைப் பிடிக்கலாம், வாயைத் திறக்கலாம். நாள் முழுக்கக் காட்டில் அவிழ்த்து விட்ட மாடு கறக்கிற கையைத் தவிர வேறு கையை அண்ட விடாது. எங்கள் வீட்டில் கறப்பது மனைவி. அவர் போனால் நிற்கும். நான் போனால் இரண்டு எட்டு விலகும். வெளியாள் வந்தால் பதினைந்து அடிக்கு அப்பாலேயே தலையைத் தூக்கும். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி போடுகிறார்கள். காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லை மாட்ட வேண்டும். குடற்புழு மருந்து, சினைப் பரிசோதனை என்று மற்றவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாலு ஆள் சேர்ந்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வெள்வேல மரத்தில் சுற்றி இறுக்குவதுதான் நடைமுறை. போன வருடம் அப்படி இறுக்கியபோது ஏழு மாதச் சினையாக இருந்த பசு வழுக்கி விழுந்தது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கு கிழிந்து, புண் ஆற வெகுநாள் பிடித்தது. ஊசி போட வந்தவர் சட்டென்று விலகியதால் கொம்பிலிருந்து தப்பினார். இனி இப்படி வேண்டாம் என்று மனைவி அன்றே சொல்லிவிட்டார்.

கால்நடை மருந்தகங்களில் இரும்புக் குழாயில் செய்த ட்ரெவிஸ் என்ற கூண்டு இருக்கும். ஒரு மாடு நிற்கும் அளவு. அதைப் போல ஒன்று செய்து கட்டுத்தரையில் நிறுத்திவிடலாம் என்பதுதான் முதல் திட்டம். அக்கம்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி ஒன்று இருந்ததால் போய்ப் பார்த்தேன். துருவேறி, மேலே பீர்க்கங்கொடி படர்ந்து நின்றது. கூண்டுக்குள் மாட்டை நுழைப்பதற்கே நாலு ஆள் வேண்டியிருப்பதால் விட்டுவிட்டார்களாம். நாலு ஆள் இருந்தால் மரத்திலேயே கட்டிவிடலாமே! கூண்டுக்கு வரும் வழியைச் சரிசெய்யாமல் கூண்டு செய்து பயனில்லை என்பது அங்கே விளங்கியது.

மாடுகள் தினமும் நடக்கும் தடத்தின் மேலேயே அதைக் கட்டிவிட்டால் நுழைக்கிற வேலையே இருக்காது. எங்கள் காட்டில் கடவிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரே தடம்தான். குளம்பு பட்டுப் பட்டுப் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடக்கும். அந்தத் தடத்தில் பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு சந்து கட்டுவது, வலப்புறமும் இடப்புறமும் வேலியை இழுத்து வேறு வழியில்லாமல் செய்வது என்று முடிவு செய்தோம். ஒரு காங்கேயம் பசு தாராளமாக நிற்க ஆறு அடி போதும். பதினெட்டு அடியில் மூன்று நிற்கும். ஒரே ஒரு மாட்டை அடைத்தால் அது கூட்டத்தைத் தேடித் துள்ளும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருந்தால் நடுவில் நிற்பது அடங்கி நிற்கும். மூன்று என்று வைத்தது அதற்காகத்தான்.

தூணுக்குக் கருங்கல். ஏழு அடிக் கல்தூண் பத்து வாங்கினோம், ஒன்று 420 ரூபாய். இரண்டு அடி ஆழம் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு நட்டோம். மேலே ஐந்து அடி. சந்துக்குப் பக்கத்துக்கு நாலாக எட்டு, வாய்ப்புறத்துப் படலுக்கு இரண்டு. இரும்புத் தூண் நட்டால் வேலை சுலபம்தான். ஆனால் மூத்திரமும் சாணியும் பட்டு அடியில் அரித்துவிடும். கல்தூணில் கம்பி கோக்கத் துளை போட்டே தருவார்கள் என்பதால் கிளாம்ப் மாட்டுவதும் சிரமமில்லை.

குறுக்குச் சட்டங்களுக்குப் பழைய போர்வெல் குழாய். தண்ணீர் வற்றிய போர்களிலிருந்து உருவிய ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய்கள் பழைய இரும்புக் கடையில் கிலோ 52 ரூபாய்க்குக் கிடைத்தன. பக்கத்துக்கு மூன்று வரிசை: தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒன்று, மூன்று அடியில் ஒன்று, நாலரை அடியில் ஒன்று. மொத்தம் 96 கிலோ.

தூண்களுக்கு இடையே உள் அகலம் மூன்று அடி வைத்தோம். சினைப்பசு நெருக்கடியில்லாமல் போக வேண்டுமே என்ற எண்ணம். பசுக்கள் நேராகப் போயின. கிடாரிகளோ பாதி தூரம் போய், உடம்பை வளைத்துத் திரும்பி வந்தவழியே வெளியே வந்துவிட்டன. ஒரு கிடாரி திரும்பினால் பின்னால் வரும் இரண்டும் பின்வாங்கும். அப்புறம் அன்றைக்கு எதுவும் உள்ளே போகாது. காங்கேயம் பசுவுக்கு இடுப்பு அகலம் ஒன்றரை அடிதான். மூன்று அடி என்பது திரும்புவதற்கு விட்ட இடம்.

கான்கிரீட்டில் ஊன்றிய தூணைப் பிடுங்கவில்லை. வெல்டரை மறுபடி வரவழைத்து, தூண்களின் உட்புறத்தில் முட்டுகள் வைத்துக் குழாய்களை உள்ளே தள்ளினோம். மூன்று அடி உயரத்துக் குழாய்க்கு நாலு அங்குல முட்டு. கீழ்க் குழாய்க்கு எட்டு அங்குல முட்டு. மேல் குழாய் இருந்த இடத்திலேயே. இப்போது இடுப்பு உயரத்தில் அகலம் 2 அடி 4 அங்குலம், காலடியில் 1 அடி 8 அங்குலம், கொம்பு உயரத்தில் மூன்று அடி. கீழே குறுகி மேலே விரிந்த இந்த வடிவம் கொம்புள்ள மாட்டுக்குத்தான் சரி. காங்கேயத்தின் கொம்பு வெளிப்புறமாக விரிந்து பின்னோக்கி மேலே வளையும். மேலேயும் குறுக்கியிருந்தால் தலையைத் திருப்பும்போது கொம்பு குழாயில் மாட்டும். மாட்டிய கொம்பை உதறும்போது எடுக்கிற ஒலியில் மற்ற மாடுகளும் கலையும். கழுத்தைப் பிடிக்கும் கவை போன்ற சட்டத்தை நாங்கள் வைக்காததற்கும் கொம்புதான் காரணம். முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, பின்னால் ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவே.

அடுத்தது பக்கச் சுவர். வெறும் குழாய்களாக இருந்தபோது, உள்ளே நிற்கும் மாடு வெளியே நடக்கிற ஒவ்வொரு காலையும் பார்த்துத் துடித்தது. கண்ணை மறைத்தால் அடங்கும் என்று தகரம் அடித்துப் பார்த்தோம். குளம்பு பட்டால் இடிபோல் ஒலிக்கிறது. ஓரம் கையைக் கிழிக்கிறது. மறுநாளே கழற்றினோம். பிறகு ஒரு கிரஷரில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் கிடைத்தது. இரண்டரை அடி அகலம், அடி 70 ரூபாய், 36 அடி வாங்கினேன். மூன்று அடிக் குழாயிலிருந்து கீழ்க் குழாய் வரை போல்ட் போட்டு இழுத்துக் கட்டினோம். மாடு உரசினாலும் சத்தமில்லை, உதைத்தாலும் காலுக்கு அடியில்லை. இந்த வேலையில் நான் மிகவும் மெச்சுவது இந்தப் பெல்ட்டைத்தான். கீழே கழுவி விடுவதற்காக விட்ட ஆறு அங்குல இடைவெளி மட்டும் கன்றின் கால் வெளியே நழுவும் அளவாக இருந்தது. கருங்கல் சில்லுகளைப் பதித்து மூன்று அங்குலமாகக் குறைத்தோம்.

தரைக்கு முதலில் கிராவல் கொட்டி இடித்தோம். ஒரே கோடை மழையில் சேறானது. பின்னர் நாலு அங்குலக் கான்கிரீட். ஈரமாக இருக்கும்போதே மூங்கில் கழியைச் சாய்சதுரமாக அழுத்தி, அரை அங்குல ஆழத்தில், நாலு அங்குல இடைவெளியில் வரிகள் பதித்தோம். கொத்தனார் வழவழப்பாகத் தேய்த்துவிடக் கரணையோடு நின்றார். கெஞ்சித்தான் தடுக்க வேண்டியிருந்தது. கால் வழுக்குகிற தரையில் எந்த மாடும் அமைதியாக நிற்காது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வாய்ப்புறத்தில் ஒரு பக்கம் கிளுவை வேலியை நேராகவே விட்டு, மறுபக்கம் மட்டும் இருபது அடி நீளத்துக்கு மூங்கில் படலைச் சாய்வாகக் கட்டினோம். வாய் அகலம் பதின்மூன்று அடி. இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டினால் மாடுகள் நடுவில் தோளோடு தோள் இடித்துச் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் நேராக இருந்தால் அதை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. படலுக்கும் முதல் தூணுக்கும் நடுவே பதினான்கு அங்குல இடுக்கு ஒன்று விட்டோம். மாடு திரும்பிப் பாய்ந்தால் ஆள் நுழைந்து தப்புவதற்கு. அதன் வழியே மாடு வர முடியாது.

கட்டி முடித்ததும் மாடுகள் போகவில்லை. தண்ணீர் அந்தப் பக்கம் இருக்கிறது, தாகமும் இருக்கிறது, ஆனாலும் வாயில் நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாட்டுச் சந்துகளுக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் மட்டத்தில் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவர் என்று படித்திருந்தேன். அதையே செய்தேன். குனிந்து, மூன்றரை அடி உயரத்தில் கண்ணை வைத்து, மாடுகள் வருகிற நேரத்தில் கடவிலிருந்து தொட்டி வரை நடந்தேன்.

நிமிர்ந்து நிற்கும்போது தெரியாதவை அப்போது தெரிந்தன. சந்தின் வாயில் கிணற்று வாய்க்காலை மூடிய பலகைக்கல் பளபளவென்று வெளிறிக் குழிபோல் தெரிந்தது. மாட்டுக்குத் தலை நிமிர்ந்தபடி ஆழம் கணிக்க வராது. குனிந்து மோந்து பார்த்துத்தான் கால் வைக்கும். கல்லின் மேல் மண்ணைக் கொட்டிச் சாணி தெளித்ததும் அந்தத் தயக்கம் போயிற்று. பெல்ட்டின் ஒரு முனை போல்ட் இல்லாமல் காற்றில் படபடத்தது. வேலியில் யாரோ போட்ட சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. நிறத்தால் வந்த மிரட்சி இல்லை, பச்சைத் துண்டு ஆடினாலும் நின்றிருக்கும். மறுமுனையில் தகரக் கதவு போட்டிருந்தோம். கண் மட்டத்தில் பார்த்தால் அது முட்டுச்சந்து. கதவைத் தூக்கிவிட்டு இரண்டு சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே செருகினோம். தொட்டியும் தண்ணீரும் வெளியே நிற்கும் மாடுகளும் தெரிந்தன.

நிழல் விஷயம்தான் அதிகம் இழுத்தது. குழாய்களின் நிழல் தரையில் வரிவரியாக விழுந்தது. ஒவ்வொரு வரியிலும் நின்று மோந்தன. மேலும், சந்து கிழக்குப் பார்த்தது. மாலையில் வரும்போது சிக்கல் இல்லை, காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஊசி போடுகிறவர்கள் வருவதோ காலையில். மறுமுனை ஆறு அடிக்குத் தென்னங்கீற்று வேய்ந்தோம். அது இருட்டைக் கொண்டுவந்தது; வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போக ஒரு மாடும் விரும்பவில்லை. கடைசியில் கீற்றைப் பிரித்துவிட்டு, பதினெட்டு அடிக்கும் சேர்த்துப் பாதி வெயில் இறங்கும் பச்சை நிழல்வலையைக் கட்டினோம். சந்து முழுக்க ஒரே மாதிரி மங்கிய வெளிச்சம், தரையில் வரி இல்லை. 1,100 ரூபாய் வலையை முதலிலேயே கட்டியிருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

அன்று மாலையே பெரிய மயிலை முதலில் போனது. எங்கள் கூட்டத்தின் மூத்த பசு அதுதான். வாயில் ஒருமுறை நின்று, மூக்கைத் தரையில் வைத்து ஊதி, இடது முன்னங்காலைக் கான்கிரீட்டில் வைத்து எடுத்தது. மறுபடி வைத்தது. வரிகளில் குளம்பு பிடித்ததும் தோள் ஒருமுறை குலுங்க, நிற்காமல் நடந்தது. அதன் வாலை மோந்தபடியே எருது, எருதுக்குப் பின்னால் மற்றவை. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இதற்கிடையே எங்களுக்கும் ஒரு பயிற்சி நடந்தது. பக்கத்துக் காட்டு மாமா வந்து ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க மாடு பிடித்தவர். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையைக் கூட்டத்துக்கு நடுவே ஒற்றைக் கயிற்றில் நடத்திவருபவர். நான் கிடாரியின் பின்னால் நேராக நின்று, கழியை ஆட்டி, போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியவே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் அது திரும்புகிறது. பக்கமாக வாருங்கள்" என்றார்.

மாட்டின் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே நின்றால் அது தலையைத் திருப்பும், தலையோடு உடம்பும் திரும்பும். பக்கவாட்டில் வந்து, அதன் திமிலுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று ஒரு எட்டு முன்வைத்தால் மாடு முன்னால் நகரும். திமிலுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். நகர ஆரம்பித்ததும் நாம் நின்றுவிட வேண்டும் என்பதை மாமா பலமுறை சொன்னார். போகிற மாட்டை மேலும் நெருக்கினால், போனதற்குத் தண்டனை கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறதாம். இதைப் பழகச் சந்தின் வடபுறம் மூன்று அடி அகலத்துக்குக் கல்லும் முள்ளும் நீக்கி நடைபாதை ஆக்கினோம். சந்தில் நிற்கும் மாடுகளை ஓரடி முன்னால் நகர்த்த வேண்டுமென்றால், அவற்றின் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக நான் நடக்கிறேன். ஒவ்வொரு திமிலையும் நான் கடக்கும்போது அந்த மாடு தானாக முன்னால் அடி வைக்கிறது. முதலில் இதை நம்பவே முடியவில்லை. கழியை அன்றோடு வேலியில் செருகிவிட்டேன்.

ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றும்போதும் இது உதவுகிறது. முன்பெல்லாம் இரண்டு பேர் பின்னால் கத்திக்கொண்டு ஓட்டுவோம். கடவுக்கு அருகே கூட்டம் இரண்டாகப் பிளக்கும். இப்போது கூட்டத்தின் பின்புறம் தள்ளி நின்று, இடமும் வலமுமாகக் குறுக்கே நடக்கிறேன். அவை சிதறாமல் சேர்ந்து, மயிலை கடவைப் பார்த்ததும் நடக்கத் தொடங்குகின்றன. மனைவிக்கு இதுவும் தேவையில்லை. அவர் பருத்திக்கொட்டை ஊறவைத்த வாளியோடு முன்னால் நடப்பார். எல்லாம் பின்னால் போகும். கையில் பழகிய மாட்டை ஓட்டுவதைவிட அழைத்துப் போவது எளிது. கிடாரிகளும் கன்றும் மட்டுமே ஓட்டுவதற்குச் சரிப்படுகின்றன.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் சந்து தண்ணீருக்குப் போகும் வழியாக மட்டுமே இருந்தது. பிறகு முன்கட்டையைச் செருகி, அதற்கு அப்பால் தொட்டியில் கைப்பிடி கடலைப் புண்ணாக்கு வைத்தோம். தின்று முடிந்ததும் கட்டையை உருவி விடுவோம். அடுத்து பின்கட்டை. தரையிலிருந்து 2 அடி 8 அங்குல உயரம், மூன்று அங்குலச் சவுக்குக் கட்டை. இரும்பு வளையத்தில் செருகும்போது எழுந்த ஒலிக்கே செவலைக் கிடாரி துள்ளியது. வளையங்களுக்குள் சைக்கிள் டியூபைச் சுற்றியதும் சத்தம் நின்றது. அப்புறம் கழுத்தைத் தடவுவது, காதைத் தொடுவது, தோலைக் கிள்ளி விடுவது. வெளியாள் வாசனையும் பழக வேண்டும் என்று மாமாவையும் அவருடைய பேரனையும் வந்து தடவச் சொன்னோம்.

இந்தக் கட்டத்தில் செவலைக் கிடாரி ஒருநாள் முன்கட்டையை முட்டி, முன்னங்கால் மடித்துச் சந்துக்குள் படுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் போல்ட் போட்ட குழாய், எழ இடமில்லை. போல்ட்டுகளைக் கழற்றி முடிக்கும்வரை அது மூச்சிரைத்துக் கிடந்தது. எழுந்து நின்றபோதுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது. அதன்பின் தென்புறத்து நடுப்பகுதிக் குழாய்களை நிரந்தரப் போல்ட்டிலிருந்து உருவு ஆணிக்கு மாற்றினோம். இரண்டு ஆணியை உருவினால் ஆறு அடிப் பக்கம் அப்படியே திறந்துகொள்ளும். சந்து கட்டுகிற எவரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும். இன்னொன்று: சந்துக்குள் நிற்கும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தூணில் கட்டக் கூடாது. விழுந்தால் மூக்கு போய்விடும். தலையைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், இழுத்ததும் அவிழும் சுருக்கைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஆவணியில் ஊசி. முதல் நாளே தகவல் சொல்லியிருந்தார்கள். ஏழரை மணிக்கு வரச் சொன்னோம். நாய்களைக் கட்டினோம், மோட்டாரை நிறுத்தினோம். வந்தவர் வழக்கம்போலக் கயிறு கேட்டார். வடபுற நடைபாதையில் பேசாமல் நிற்கச் சொன்னேன். மூன்று மாடு உள்ளே, முன்கட்டை, பின்கட்டை. மூன்று அடிக் குழாய்க்கும் நாலரை அடிக் குழாய்க்கும் இடையே ஒன்றரை அடித் திறப்பு. கழுத்து சரியாக அங்கே வருகிறது. தூணை ஒட்டிக் கையை நீட்ட வேண்டாம், மாடு முன்னால் நகர்ந்தால் கை நசுங்கும் என்று மட்டும் எச்சரித்தேன். அவர் மெதுவாகக் கழுத்தைத் தட்டி ஊசியை ஏற்றினார். பெரிய மயிலை புண்ணாக்கிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. எருதுக்குத் தோல் ஒருமுறை சிலிர்த்தது. காளைக் கன்று ஓர் உதை விட்டது, பெல்ட் வாங்கிக்கொண்டது. ஒருமணி நேரம் ஆகுமுன் பத்து உருப்படியும் முடிந்துவிட்டன. வந்தவர் அடுத்த ஊசிக்கும் இதே நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றாவது வரவில்லை. போன வருடம் விழுந்த பசு அது. மற்ற நாட்களில் தண்ணீருக்காகச் சந்தில் போகிறது. பின்கட்டை விழுந்தால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்குகிறது. வெளியாள் இருந்தால் கிட்டேயே வருவதில்லை. அதை நெருக்கவில்லை. கட்டுத்தரையில் கன்றை ஊட்டவிட்டு, மனைவி மடியில் கை வைத்து நின்றிருக்க, பக்கத்தில் போய் ஊசி போட்டார்கள். அதற்கும் கொஞ்சம் மிரண்டது. அன்று மாலை அது மட்டும் பால் இறக்கவில்லை. பயந்த மாட்டுக்குப் பால் இறங்காது என்பது கறக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருநாள் கயிற்றில் பட்டதை இந்தப் பசு எத்தனை மாதம் நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. கிடாரிகளையாவது அப்படி ஒரு நாளுக்கு முன்பே பழக்கிவிட்டோம்.

செலவுக் கணக்கு: கல்தூண் 4,200, குழாய் 4,992, பெல்ட் 2,520, ஒன்பது மூட்டை சிமெண்ட் 3,420, ஜல்லியும் எம்-சாண்டும் 3,200, வெல்டிங் கூலி 3,000, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் 3,600, வண்டி வாடகை 1,800, நிழல்வலை 1,100, கிளாம்ப், போல்ட், கயிறு போன்றவை 900. மொத்தம் 28,732 ரூபாய். சவுக்குக் கட்டையும் மூங்கிலும் வீட்டிலேயே இருந்தன. அகலத்தை முன்பே மாட்டை வைத்து அளந்திருந்தால், வெல்டரை இரண்டாம் முறை அழைத்த செலவு மிச்சமாகியிருக்கும். தூணுக்குக் குழி எடுக்கும் முன், நாலு கழியை நட்டுக் கயிறு கட்டி, மாடுகளை ஒரு வாரம் அதில் நடக்க விட்டுப் பார்ப்பது நல்லது. கட்டையும் கயிறும் எங்கே வேண்டுமானாலும் நகரும்.

இன்னும் இரண்டு குறை இருக்கிறது. சந்தின் திசையை இனி மாற்ற முடியாது. மறுமுறை கட்டினால் வடக்குத் தெற்காகத்தான் கட்டுவேன், கண்ணில் வெயில் அடிக்காது. கன்றுக்கு 1 அடி 8 அங்குலமும் அதிகம், அது இன்னும் திரும்புகிறது. தென்புறத்தில் உருவி எடுக்கிற மாதிரி ஒரு பலகையைச் சாய்த்து, கன்று போகும்போது மட்டும் ஓரடி இரண்டங்குலமாகக் குறுக்கலாம் என்று அளவெடுத்திருக்கிறோம். பலகைக்கு வேம்பு அறுக்கக் கொடுத்தாயிற்று. மழைக்கு முன் மாட்டிவிட்டால், அடுத்த கோமாரி ஊசிக்குள் கன்றும் பழகிவிடும்.